பன்னிரண்டாவது பிஸ்கட்டில் என்ன தப்பு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் கை பழகியிருக்கிறது, ஆனால் எல்லோரும் என்று சொல்ல இந்த வீட்டில் இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன், அதனால் நான் சுகம். குளிருக்கு முட்டி மட்டும் பிடித்துக்கொள்கிறது, காலையில் சுவரைப் பிடித்து எழுந்தால் பிறகு ஓடிவிடுகிறது. நீ எப்படி இருக்கிறாய், பிடுங்கின கடைவாய்ப் பல் ஆறிவிட்டதா, அந்தப் பக்கம் வைத்து மெல்லாதே. லிப்ட் வேலைக்கு மேலே ஏறும்போது இடுப்புப் பட்டையைப் போட்டுக்கொள்கிறாயா, அஞ்சு நிமிஷ வேலைதானே என்று கழற்றி வைத்துவிட்டு நிற்கிற ஆள் நீ, எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியது காதிலேயே நிற்கிறது. "அந்தப் பிள்ளைகிட்ட நேர்ல போய், உன் பிஸ்கட்ல ஒரு தப்பும் இல்ல, நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லு, அந்த ஒரு வரியைச் சொல்ற வரைக்கும் லீவுக்கு வந்தாலும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டாய். என்னை வாய் திறக்க விடவில்லை. திறந்திருந்தாலும் போனில் எனக்குப் பேச்சு வராது, கோபம்தான் வரும். அதனால் எழுதுகிறேன். அன்றைக்கு நடந்ததையும் எழுதுகிறேன், வியாழக்கிழமை நான் உன் வீட்டுக்காரியும் பிள்ளையும் இப்போது இருக்கிற இடத்துக்குப் போய் வந்ததையும் எழுதுகிறேன். உன் வீட்டுக்காரி உன்னிடம் சொன்னது எதுவும் பொய் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் பார்க்காததும் உண்டு, அதையும் நானே சொன்னால்தான் உண்டு.

குளிர்கால விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்தால் நம் வீட்டில் பிஸ்கட் போடுகிற விளையாட்டு உனக்குத் தெரியாததில்லை, நீயும் உன் அக்காவும் ஆரம்பித்ததுதானே. பிஸ்கட் பேக்டரியில் இருபத்திரண்டு வருஷம் பெல்ட்டின் கடைசியில் நின்று கழித்துப் போட்டவள் நான். உடைசல், கருகல், கொப்புளம், கோணல், ஓடுகிற பெல்ட்டில் கண் பட்டதும் கை எடுத்துவிடும், யோசித்துவிட்டு எடுத்தால் அடுத்த பத்து போய்விடும். சூப்பர்வைசர் என்னைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார். அந்த வேலையை நீங்கள் இரண்டு பேரும் விளையாட்டாக ஆக்கினீர்கள், மேசையில் நீளமாகக் காகிதம் விரித்து அதைப் பெல்ட் என்பீர்கள், நான் தலைக்கு வலை போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்து கழிப்பேன். தேறியதெல்லாம் சின்னச் சின்ன அட்டைப்பெட்டியில் போய் இந்தக் கட்டடத்தில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் போகும், செய்த பிள்ளைகளின் பெயரை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைப்போம். யாருடையது அதிகம் கழிகிறதோ அவர் தன் உடைசலைத் தானே மாவு தேய்க்கிற கட்டையால் பொடிக்க வேண்டும், பொடியைப் பாலில் போட்டு எல்லோரும் குடிப்போம். நீ வேண்டுமென்றே கோணலாகச் செய்வாய், பொடிக்கிற வேலை கிடைக்கும் என்று. இப்போது அக்காவின் இரட்டையரும் அதே சேட்டைதான். பத்து நிமிஷம் முன்னால் பிறந்த ஒரே காரணத்துக்காகப் பெரிசு சின்னதை அதட்டுகிறான், சின்னது அவன் காதைத் திருகுகிறாள், விடுமுறை முழுக்க வீடு சந்தைக்கடைதான்.

இந்த வருஷம் மூன்றாவதாக உன் வீட்டுக்காரியோடு வந்த அந்தப் பிள்ளை இருந்தாள். நீ வெளியூர் வேலைக்குப் போய் ஆறு மாதம், அவளும் அவள் அம்மாவும் என்னோடு இருந்தது அதே ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் அவள் என்னை ஒரு முறைகூடப் பாட்டி என்று கூப்பிட்டதில்லை, கூப்பிடச் சொல்லி நானும் சொல்லவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எங்கே இருந்தாலும் சுற்றிக்கொண்டு வந்து என் முகத்துக்கு எதிரே நின்றுகொள்வாள், நான் பார்த்த பிறகுதான் பேசுவாள். ஏழு வயசுக்கு அது கெட்டிக்காரத்தனம், எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அன்றைக்கு உன் வீட்டுக்காரி மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போயிருந்தாள், அக்காவும் இரட்டையரை விட்டுவிட்டுப் போய்விட்டாள். வெண்ணெயும் சர்க்கரையும் குழைத்து மாவு பிசைந்து குளிர வைத்து, கால் அங்குலத்துக்குத் தேய்த்து, நட்சத்திரம், இலை, பறவை, கையுறை என்று நாலு அச்சில் வெட்டி ஓவனில் வைத்து எடுத்தது நான். ஆளுக்குப் பன்னிரண்டு. ஆறியதும் முட்டை வெள்ளைக்கருவில் சர்க்கரைப் பொடி போட்டு அடித்து மூன்று நிறம் கலக்கிப் பட்டர் பேப்பரைக் கோன் சுற்றிக் கொடுத்தேன். முதலில் ஓரத்தில் கோடு, அது கொஞ்சம் இறுகியதும் நடுவில் தண்ணீராக்கின ஐசிங்கை ஊற்றிப் பல்குச்சியால் பரத்த வேண்டும். பெரிசு முதல் நட்சத்திரத்தை முடித்துத் தள்ளும்போது அது நட்சத்திரமா நசுங்கின தவளையா என்று தெரியவில்லை, "தவளைக்குக் கால் அஞ்சு இருக்காது பாட்டி, அதனால நட்சத்திரம்தான்" என்றான். சிரித்துக்கொண்டே தேறியதில் சேர்த்துவிட்டேன். அதற்குப் பின்னால் அந்தப் பிள்ளையின் நட்சத்திரம் வந்தது.

தம்பி, என் தொழில் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அது பேக்டரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரிக்கு வைத்திருப்பார்கள் பார், அந்த மாதிரி இருந்தது. கோடு ஆரம்பித்த இடம் எது முடிந்த இடம் எது என்று தெரியவில்லை. அவள் அம்மா கண்ணாடிச் சட்டத்துக்குக் குட்டித் திருகாணி போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பழகின விரல். உன் வீட்டுக்காரி எனக்குப் போட்டுக் கொடுத்த கண்ணாடி வழியாகத்தான் அதைப் பார்த்தேன், இல்லாவிட்டால் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது. பார்த்தேன், எடுத்தேன், உடைசல் டப்பாவில் போட்டேன். கை போன பிறகுதான் மனசு வந்தது என்று சொன்னால் நீ மன்னித்துவிடுவாய். அப்படி இல்லை. மனசு முதலில் போனது.

அவள் சுற்றிக்கொண்டு வந்து எதிரே நின்றாள். "என்ன தப்புன்னு சொல்லுங்க, அடுத்தது சரியா பண்றேன்" என்றாள். "ஓரம் தடிப்பா இருக்கு" என்றேன். அடுத்ததற்கு ஓரத்தை நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தாள். "மஞ்சள் தூக்கல்" என்றேன். மூன்றாவதில் மஞ்சளைக் குறைத்தாள். "இலைக்கு நரம்பு கோணல்" என்றேன், அடுத்த இலையின் நரம்பை அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி போட்டாள். வேண்டாத மருமகள் கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்கள், நான் மருமகளைத் தாண்டிப் போய் அவள் பிள்ளையின் விரலில் குற்றம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரட்டையருக்கு முதலில் ஒரே கும்மாளம், "அய்யோ மறுபடியும் அவுட்" என்று சின்னது மேசையைத் தட்டினாள். ஏழாவது எட்டாவது போனபோது தட்டுவதை நிறுத்திவிட்டாள். பெரிசு என் காதருகே வந்து "பாட்டி, அவளோடது நல்லாத்தானே இருக்கு" என்றான். "இன்ஸ்பெக்டர் நீயா நானா" என்றேன். அவன் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான், அப்புறம் என் முகத்தையே பார்க்கவில்லை.

பன்னிரண்டாவது ஒரு கையுறை. நீல ஐசிங், அது மேல் வெள்ளையில் கம்பளி பின்னின மாதிரி சின்னச் சின்ன முடிச்சு, மணிக்கட்டில் இரண்டு வரி. அதில் சொல்வதற்கு எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பதினொன்றுக்கும் ஏதோ ஒன்று சொல்லியாகிவிட்டது, இதற்கு வாயில் ஒன்றும் வரவில்லை, அவள் எதிரே நின்றுகொண்டிருக்கிறாள். அப்போதுதான் "இது நம்ம வீட்டு பிஸ்கட் இல்ல" என்றேன்.

ஏன் என்று நீ கேட்பாய். பெட்டியில் வைக்கிற சீட்டு இருக்கிறதே, அதில் அவள் பெயரை எழுத என் கை வரவில்லை, அவ்வளவுதான். இந்தக் கட்டடத்தில் பதினாலு வீடு, பதினாலு வீடும் அந்தப் பெயரைப் படித்துவிட்டு யார் இது புதுப் பேத்தி, எத்தனை வயசு, ஏழா, உன் பையனுக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகலையே என்று விரலை மடக்கி எண்ணும். நீ கல்யாணத்தை முடித்துவிட்டு எனக்குப் போன் செய்தவன், உனக்கு அந்தக் கூச்சம் தெரியாது. அது மட்டும் என்றும் சொல்ல மாட்டேன். நீ போன் செய்தால் முதல் கேள்வி "குட்டி சாப்பிட்டாளா" என்றுதான் கேட்பாய். ஆறு மாதமும் அதே முதல் கேள்வி. நான் சாப்பிட்டேனா என்பது மூன்றாவதோ நாலாவதோ வரும், சில நாள் வராது. உடைசல் பிஸ்கட்டைப் பாலில் கரைத்துக் கொடுத்து உன்னை வளர்த்தவள், ஏழு வயசுப் பிள்ளையோடு வரிசையில் நின்று போட்டி போடுகிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் அதுதான் நிஜம்.

விளையாட்டின் சட்டம் சட்டம்தானே, அதிகம் கழிந்தது அவளுடையது, அவள்தான் பொடிக்க வேண்டும் என்றேன். நம் பிள்ளைகள் மொத்தமாகப் பைக்குள் கொட்டி நாலு அடி அடிப்பார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒன்றை எடுத்துப் பார்ப்பாள், பைக்குள் போடுவாள், கட்டையால் தேய்ப்பாள், அடுத்ததை எடுப்பாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனோ என்னவோ. பதினொன்று முடிந்து கையுறையைக் கையில் வைத்திருக்கும்போது உன் வீட்டுக்காரி வேலை முடிந்து உள்ளே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தட்டில் இரட்டையருடைய தவளையும் கோணலும் வரிசையாக இருப்பதைப் பார்த்தாள், பையில் பொடியைப் பார்த்தாள், "அத்தை, அவ கையில இருக்கறதுல என்ன தப்பு" என்று கேட்டாள். பிள்ளைதான் சொன்னாள், "இது நம்ம வீட்டு பிஸ்கட் இல்லையாம்மா" என்று. சொல்லிவிட்டு அதையும் பைக்குள் போட்டுத் தேய்த்தாள். உன் வீட்டுக்காரி பையை அவளிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். பிள்ளையின் கையைக் குழாயில் கழுவி ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள், பிறகு அறைக்குள் போய்ப் பெட்டியைக் கட்டினாள். அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் போய்விட்டார்கள். சரி, கோபம் தணிந்தால் வருவாள் என்று நான் தட்டைக் கழுவி வைத்தேன். அவ்வளவு கல்நெஞ்சு எனக்கு அன்றைக்கு.

இப்போது வியாழக்கிழமை. நான் வருத்தப்பட்டுப் போனேன் என்று நினைத்துக்கொள்ளாதே, நீ வர மாட்டேன் என்றாய், அதற்காகப் போனேன். இரண்டு பஸ் மாறி விசாரித்துக்கொண்டு போனேன். சலவைக் கடைக்கு மேலே ஒரே அறை, தரை வழியாக இஸ்திரிப் பெட்டியின் ஆவி ஏறி வருகிறது, சுவர் ஈரம் கட்டியிருக்கிறது. உன் வீட்டுக்காரி கதவைத் திறந்து "வாங்க அத்தை" என்றாள், இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், டீ வைத்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிள்ளை தரையில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். வரைந்துகொண்டிருந்தாள் என்று சொல்லக் கூடாது, அழித்துக்கொண்டிருந்தாள், ரப்பர்த் தூள் முழங்காலைச் சுற்றிக் குவிந்து கிடந்தது, காகிதம் அழித்து அழித்து ஓட்டையாகியிருந்தது.

பஸ்ஸில் வழியெல்லாம் அந்த வரியை நெட்டுருப் போட்டுக்கொண்டுதான் போனேன். டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "உன் பிஸ்கட்ல ஒரு தப்பும் இல்ல, நான்தான் பொய் சொன்னேன்" என்று, நீ சொல்லச் சொன்னது ஒரு எழுத்து குறையாமல். கழுகு என்று பெயர் வாங்கினவள், கண்ணைத் தவிரப் பெருமைப்பட வேறு ஒன்றும் இல்லாதவள், அந்தக் கண்ணே பொய் என்று ஏழு வயசுப் பிள்ளையிடம் சொன்னேன். சொல்லி முடித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது, மகன் வந்துவிடுவான் என்று இருந்தது.

அவள் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து வந்து என் எதிரே நின்றாள். "இல்ல, தப்பு இருந்துச்சு, நான் கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள். விரலை மடக்கிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். முதல் நட்சத்திரத்தில் இடது முனையில் கோடு இரட்டையாகச் சேர்ந்திருந்ததாம். இரண்டாவதில் பல்குச்சி பட்ட ஒரு குழி. மூன்றாவது இலையில் காம்புக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம், குத்தி உடைக்க மறந்துவிட்டாளாம். பறவைக்குக் கண் மேலே போய்விட்டதாம். பதினொன்றுக்கும் சொன்னாள், தம்பி. பொடியாகப் போன பிஸ்கட்டை ஞாபகத்திலேயே வைத்து ராத்திரி பகலாகத் திருப்பிப் பார்த்து வைத்திருக்கிறாள். இதையும் எழுதிவிடுகிறேன், அவள் சொன்ன பதினொன்றில் மூன்று நிஜமாகவே இருந்த தப்பு. சொன்னதும் என் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. அன்றைக்கு நான் பார்க்கத் தவறியது.

"அம்மாக்கு எதுவுமே தெரியல, எல்லாம் நல்லா இருக்குன்னே சொல்றாங்க, நீங்கதான் கரெக்டா பாத்தீங்க" என்றாள். அடுப்புப் பக்கம் நின்ற உன் வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "பன்னண்டாவதுல என்ன தப்புன்னு மட்டும் எனக்குத் தெரியல, அதை மட்டும் சொல்லிடுங்க" என்று பிள்ளை கேட்டாள்.

நீ சொன்ன வரியை இன்னொரு முறை சொன்னேன். தப்பு இல்லடி, சத்தியமா இல்ல என்றேன். அவள் நகரவில்லை. நான் எதையோ ஒளித்து வைத்திருக்கிற மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். தப்பு இல்லை என்றால் வேறு என்ன என்று அவள் அடுத்துக் கேட்பாள், அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது, அது அந்தக் கையுறைக்கு அன்றைக்கே அவளிடம் சொன்ன பதில்தான். அதை அந்த முகத்துக்கு நேரே இரண்டாவது தடவை சொல்ல என்னால் முடியவில்லை. நான் கெட்டவள்தான், அவ்வளவு கெட்டவள் இல்லை. "அடியில கருகிடுச்சு, மேல பாத்தா தெரியாது" என்றேன்.

அவள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. "ஆமா, நான் திருப்பிப் பாக்கவே இல்ல" என்றாள். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. போய்ப் புதுக் காகிதம் எடுத்து உட்கார்ந்து வரைய ஆரம்பித்தாள், அரை மணி நேரம் நான் இருந்தேன், ஒரு முறைகூட அழிக்கவில்லை.

பஸ் நிறுத்தம் வரைக்கும் உன் வீட்டுக்காரி கூட வந்தாள். பஸ் வரும்போது சொன்னாள், "தப்பு இல்லைன்னு சொல்ல வந்தீங்க, கடைசில ஒரு தப்பைக் கையில குடுத்துட்டுப் போறீங்க, இதை அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, நான் சொன்னா கோள் மூட்டின மாதிரி ஆகும்" என்றாள். ஏறும்போது என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, "இனிமே வராதீங்க அத்தை, அவ உங்களை நம்புறா" என்றாள். அவள் சொன்னதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நீ சொல்லச் சொன்ன வரியைச் சொன்னேன். சொன்ன இடத்திலேயே திரும்ப எடுத்தும்விட்டேன். இது கணக்கில் சேருமா சேராதா என்று நீ பார்த்துக்கொள், லீவுக்கு எந்த வாசல் மிதிப்பது என்பதும் உன் இஷ்டம். இங்கே வந்தால் உன் கட்டிலுக்கு உறை மாற்றி வைத்திருக்கிறேன். அங்கே போனால் அந்த அறையின் ஈரச் சுவருக்கு ஏதாவது வழி பார், பிள்ளை இருமுகிறாள்.

நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும், அதற்கு என் வாய் வார்த்தை இன்னும் உதவும் என்றால் மூன்று பேருக்கும் அது உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. பிள்ளை உன்னிடமும் கேட்பாள், போனிலோ நேரிலோ கட்டாயம் கேட்பாள். கேட்டால் நீயும் அடியில் கருகிவிட்டது என்றே சொல். நான் ஒன்று நீ ஒன்று சொன்னால் மறுபடியும் ரப்பரை எடுத்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
உன் அம்மா